இம்பாக்ட் ரெஞ்ச்: வீல் நட்டை அளவுக்கு மீறி இறுக்காமல் பாதுகாப்பாகப் பயன்படுத்த முழுமையான வழிகாட்டி

இம்பாக்ட் ரெஞ்சைப் புதிதாகக் கையில் எடுப்பவர்களில் பெரும்பாலோர் ஒரே தவறைச் செய்கிறார்கள். நட்டு உள்ளே போய் உட்கார்ந்த பிறகும் டிரிகரை விடுவதில்லை. 'டர்ர்ர்' என்று இன்னும் நாலு விநாடி அடிக்கவிட்டு, "ஃபுல் டைட்" என்று நிம்மதியாக அடுத்த நட்டுக்குப் போகிறார்கள்.

சாதாரண ஸ்பானரில் இறுக்கும்போது, நட்டு எவ்வளவு இறுகியிருக்கிறது என்று உள்ளங்கைக்குத் தெரியும். இம்பாக்ட் ரெஞ்ச், அதாவது கன், அப்படிச் சொல்லாது. அதன் உள்ளே மோட்டார் ஒரு சுத்தியலைச் சுழற்றி, நட்டின் மேல் பொருந்தும் சாக்கெட்டை மாட்டும் தண்டின் மீது திரும்பத் திரும்ப மோதவிடுகிறது. அடி முழுவதும் நட்டுக்குப் போய்விடும். கைக்கு வருவது அதிர்வு மட்டும்தான். நட்டு 80 நியூட்டன் மீட்டரில் (திருப்பும் விசையின், அதாவது டார்க்கின், அளவு இது) இருந்தாலும் 300-இல் இருந்தாலும் கைக்கு ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். பத்து வருட அனுபவக்காரரின் கையும் இதில் ஏமாறும்.

அதனால் இந்த வழிகாட்டியின் வேலை முறை முழுக்க ஒரே பிரிவினைதான்: நட்டைக் கழற்றுவதும் ஓட்டி உட்காரவைப்பதும் கன்னின் வேலை, கடைசி இறுக்கம், நாம் வைத்த அளவு வந்ததும் 'க்ளிக்' சொல்லும் டார்க் ரெஞ்சின் வேலை. கார் சக்கரத்தையும், சாக்கெட் மாட்டும் முனை அரை இன்ச் உள்ள பேட்டரி கன்னையும் வைத்துச் சொல்கிறேன். காற்றழுத்தத்தில் ஓடும் ஏர் கன்னுக்கும் வரிசை இதேதான்.

1. தொடங்கும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

கன், இம்பாக்ட் சாக்கெட், டார்க் ரெஞ்ச், கம்பி பிரஷ், பனியன் வேஸ்ட், சாக்பீஸ், ஜாக்கி, ஜாக்கி ஸ்டாண்டு, சக்கரத்துக்கு அணை கொடுக்க இரண்டு கட்டைகள். எல்லாம் பக்கத்தில் இருக்கட்டும். பாதி வேலையில் டார்க் ரெஞ்சைத் தேடி எழுந்து போகிறவர்தான் "சரி, கன்னிலேயே இறுக்கிவிடலாம்" என்று முடிவெடுப்பார்.

சாக்கெட் விஷயத்தில் சமரசம் வேண்டாம். பளபளப்பான குரோம் சாக்கெட் கையால் திருப்பும் ராட்செட்டுக்கு உரியது. கடினமாக இருப்பதால் அடி விழும்போது வெடித்துச் சில்லாகத் தெறிக்கலாம். கன்னுக்குக் கறுப்பு நிற இம்பாக்ட் சாக்கெட்தான் வேண்டும். குரோம் மாலிப்டினம் எஃகில், தடித்த சுவரோடு, அடியைத் தாங்கும்படி செய்திருப்பார்கள். அலாய் வீலுக்கு, வெளியே பிளாஸ்டிக் உறை போட்ட மெல்லிய சுவர் சாக்கெட் வாங்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் நட்டுக் குழியின் ஓரம் முழுக்கக் கீறல் விழும்.

அளவும் சரியாக இருக்க வேண்டும். மாருதி, ஹோண்டா கார்களில் பெரும்பாலும் 19 மில்லிமீட்டர், டொயோட்டா, ஹூண்டாய் கார்களில் பெரும்பாலும் 21. "கொஞ்சம் லூசா இருக்கு, பரவாயில்லை" என்று ஓட்டினால் நட்டின் முனைகள் மழுங்கிவிடும்.

கண்ணாடி கட்டாயம். துருத் துகள் கண்ணில் விழ ஒரு நொடி போதும். கன்னின் சத்தம் எளிதாக 90 டெசிபெலைத் தாண்டும். நாலு சுவர் உள்ள ஷெட்டில் எதிரொலித்து இன்னும் கூடும். காதுக்கு அடைப்பான் போடுங்கள். தோளில் தொங்கும் துண்டு, தொளதொளப்பான முழுக்கைச் சட்டை, பெரிய சைஸ் துணிக் கையுறை எல்லாம் சுழலும் சாக்கெட்டில் சுற்றிக்கொள்ளும். கையுறை போடுவதானால் கையோடு ஒட்டியிருப்பதைப் போடுங்கள்.

2. எத்தனை நியூட்டன் மீட்டர் என்று முதலில் பார்த்து எழுதுங்கள்

வண்டியோடு வரும் கையேட்டில் சக்கரம் மாற்றும் பகுதியில் இந்த எண் இருக்கும். டொயோட்டா கார்கள் பலவற்றுக்கு 103 நியூட்டன் மீட்டர். ஹோண்டா சிட்டிக்கு 108. சிறிய கார்கள் சிலவற்றில் இதைவிடக் குறைவாக இருக்கும். சில நிறுவனங்கள் ஒற்றை எண்ணுக்குப் பதிலாக 'இத்தனை முதல் இத்தனை வரை' என்று தரும். அப்படியிருந்தால் நடு எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

எண்ணை டயரிலேயே சாக்பீஸால் எழுதிவிடுங்கள். நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தால், மூன்றாவது சக்கரத்தில் போன வாரம் வந்த வண்டியின் எண் ஞாபகம் வரும்.

சில கையேடுகளில் கிலோகிராம் விசை மீட்டர் (kgf·m) கணக்கில் இருக்கும். அதை 9.8-ஆல் பெருக்கினால் நியூட்டன் மீட்டர். அடி பவுண்டில் இருந்தால் 1.36-ஆல் பெருக்குங்கள். டார்க் ரெஞ்சில் இரண்டு அளவுகோல் பொறித்திருக்கும். அடி பவுண்டு கோட்டைப் பார்த்து நியூட்டன் மீட்டர் எண்ணை வைத்துவிட்டால், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுதலாக இறுகும்.

இந்த எண் எவ்வளவு பெரியது என்று உணர ஒரு கணக்கு. கால் மீட்டர் நீள எல் ஸ்பானரின் முனையில் 40 கிலோ அழுத்தினால் ஏறக்குறைய 100 நியூட்டன் மீட்டர். 600 நியூட்டன் மீட்டர் கன் முழு வேகத்தில் அடிப்பது, அதே ஸ்பானர் முனையில் 245 கிலோவை ஏற்றுவதற்குச் சமம். 70 கிலோ ஆள் மூன்றரைப் பேர். ஒரு வீல் நட்டுக்கு இது எதற்கு?

3. உங்கள் கன் எவ்வளவு அடிக்கிறது என்று ஒருமுறை சோதித்துவிடுங்கள்

பெரும்பாலானோர் இதைத் தாண்டிப் போகிறார்கள். என்னிடம் கற்றுக்கொள்ள வருபவர்களை முதல் நாள் இதைத்தான் செய்யச் சொல்வேன். அரை மணி நேர வேலை. ஆனால் இதற்குப் பிறகு யாருக்கும் டிரிகர் மேல் குருட்டு நம்பிக்கை வருவதில்லை.

வண்டியில் சோதிக்காதீர்கள். 12 மில்லிமீட்டர் உயர்வலு போல்ட் ஒன்று, அதற்கான நட்டு, துளை போட்ட தடித்த இரும்புப் பட்டை ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். பட்டையை வைஸில் இறுகப் பிடிக்க வையுங்கள். போல்ட் தலைக்குப் பின்னால் ரிங் ஸ்பானர் மாட்டி, அதன் வால் வைஸின் மீது சாய்ந்து நிற்கும்படி விடுங்கள். கையால் பிடிக்கவே வேண்டாம். கன் அடிக்கும்போது ஸ்பானர் சுழன்றால் விரல் நசுங்கும்.

நட்டைக் கையால் ஓட்டி உட்காரவையுங்கள். கன்னை மிகக் குறைந்த வேகத்தில் வைத்து, 'டக் டக்' அடி தொடங்கியதிலிருந்து ஒரு விநாடி மட்டும் அடித்து நிறுத்துங்கள். இப்போது நட்டின் மேலிருந்து பட்டை வரை பெயிண்ட் பேனாவால் ஒரு நேர்கோடு போடுங்கள்.

டார்க் ரெஞ்சை 60-இல் வைத்து மெதுவாக இழுங்கள். 'க்ளிக்' வருவதற்கு முன்பே கோடு விலகினால், கன் கொடுத்தது 60-க்கும் குறைவு. கோடு அசையாமல் க்ளிக் வந்தால், நட்டு ஏற்கெனவே அதற்கு மேல் இறுகியிருக்கிறது. 80, 100, 120 என்று ஏற்றிக்கொண்டே போங்கள். எந்த எண்ணில் கோடு முதலில் அசைகிறதோ, ஏறக்குறைய அவ்வளவுதான் கன் கொடுத்த இறுக்கம். 120-லும் அசையவில்லை என்றால் நிறுத்திக்கொள்ளுங்கள். அந்தக் கன்னை அந்த வேகத்தில் வீல் நட்டின் மீது ஒரு விநாடிகூட அடிக்கவிடக் கூடாது என்று தெரிந்துவிட்டது.

இதையே இரண்டு விநாடி, மூன்று விநாடி, அடுத்த வேகம், முழு பேட்டரி, தீரப்போகும் பேட்டரி என்று மாற்றிப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் எண் வேறு வேறாக வரும். கன்னில் '2' என்று போட்டிருப்பது ஒரு வேக நிலை. அது டார்க் அளவு கிடையாது. ஏர் கன்னாக இருந்தால் கம்ப்ரசரில் எவ்வளவு காற்று இருக்கிறது என்பதைப் பொறுத்தும் மாறும்.

இந்தச் சோதனை இன்னொரு பாடத்தையும் தரும், அதுதான் முக்கியமானது. டார்க் ரெஞ்சில் க்ளிக் கேட்டதால் மட்டும் இறுக்கம் சரி என்று ஆகிவிடாது. 300-க்கு இறுகிப்போன நட்டிலும் 103-இல் வைத்த ரெஞ்ச் அழகாக க்ளிக் சொல்லும். பல கடைகளில் கன்னால் முழுக்க அடித்துவிட்டு, வாடிக்கையாளர் பார்க்க டார்க் ரெஞ்சை ஒருமுறை க்ளிக் செய்து காட்டுவார்கள். அந்தச் சத்தத்துக்கு எந்த அர்த்தமும் இல்லை. க்ளிக் வருவதற்கு முன் நட்டு கொஞ்சமாவது திரும்ப வேண்டும்.

4. கழற்றும்போது திசையைப் பாருங்கள்

ஹேண்ட் பிரேக், கியர், எதிர்ப்பக்கச் சக்கரத்துக்குக் கட்டை. சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை அரைச் சுற்று தளர்த்திவிடுங்கள். ஜாக்கியில் தூக்கிய பிறகு இறுகிய நட்டோடு மல்லுக்கட்டினால் வண்டி ஆடும். அதன் பிறகு தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, முழுதாகக் கழற்றுங்கள்.

சாக்கெட்டை மாட்டும்போது பேட்டரி வெளியே இருக்கட்டும். ஏர் கன் என்றால் ஹோஸைக் கழற்றிவிடுங்கள். மாட்டிய பின் சாக்கெட்டை இழுத்துப் பார்த்து, பூட்டு வளையம் பிடித்திருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள்.

இப்போது நட்டில் வைப்பதற்கு முன், காற்றில் ஒரு தட்டுத் தட்டி எந்தப் பக்கம் சுழல்கிறது என்று பாருங்கள். திசை மாற்றும் பட்டன் பாக்கெட்டில் உரசியோ கீழே வைக்கும்போதோ மாறிவிடும். கழற்றுவதாக நினைத்துக்கொண்டு ஐந்து விநாடி இறுக்கியவர்களை நிறைய பார்த்திருக்கிறேன். "நட்டு பிடிச்சுக்கிச்சு அண்ணே, வரவே மாட்டேங்குது" என்று கூப்பிடுவார்கள். போய்ப் பார்த்தால் பட்டன் இறுக்கும் பக்கம் இருக்கும்.

பழைய லாரிகள் சிலவற்றில் இடது பக்கச் சக்கரங்களுக்கு எதிர்மரை இருக்கும். அங்கே வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். ஸ்டட் (நட்டு ஏறும் மரைத் தண்டு) முனையில் உள்ள குறியைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

கன்னை நட்டுக்கு நேராகப் பிடியுங்கள். சாய்த்தால் அடி வீணாகும், முனையும் மழுங்கும். ஐந்தாறு விநாடியில் அசையவில்லை என்றால் நிறுத்துங்கள். துரு இளக்கும் ஸ்பிரே அடித்துக் கால் மணி நேரம் விட்டு, நீளமான பாரில் முயலுங்கள். துருப்பிடித்த ஸ்டட்டை விடாமல் அடித்தால் அது சூடேறி அறுந்துவிடும்.

5. மரையும் உட்காரும் இடமும் சுத்தமாக, உலர்வாக இருக்கட்டும்

சக்கரத்தைக் கழற்றியதும் ஹப் (வீல் பொருந்தும் நடுப்பகுதி) முகப்பையும் ஸ்டட் மரையையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, பனியன் வேஸ்ட்டால் துடையுங்கள். ஹப்புக்கும் வீலுக்கும் நடுவே துருச் செதில் மாட்டியிருந்தால் அந்தச் செதிலின் மேல்தான் நட்டு இறுகும். வண்டி ஓடும்போது செதில் நொறுங்கும், இறுக்கம் காணாமல் போகும்.

ஸ்டட்டில் கிரீஸ் தடவும் பழக்கம் நம் ஊரில் நிறைய உண்டு. துருப்பிடிக்காமல் இருக்கும் என்பது அவர்கள் எண்ணம். அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நாம் கொடுக்கும் டார்க்கில் ஏறக்குறைய 90 சதவீதம் மரையிலும் நட்டின் அடியிலும் உராய்வாகச் செலவாகிறது. மீதி பத்தில் ஒரு பங்குதான் ஸ்டட்டை இழுத்து வீலை அழுத்திப் பிடிக்கிறது. உலர்ந்த மரையில் 103 நியூட்டன் மீட்டர் என்பது தோராயமாக 4 டன் பிடிப்பு. கிரீஸ் தடவினால் உராய்வு குறையும், அதே 103-இல் பிடிப்பு மூன்றில் ஒரு பங்கு வரை கூடிவிடலாம். டார்க் ரெஞ்ச் சரியான எண்ணையே காட்டும், ஸ்டட் மட்டும் அளவு மீறி இழுபட்டிருக்கும். கையேடு எண்ணெய் போடச் சொன்னால் தவிர, வேண்டாம்.

நட்டின் அடிப்பகுதியையும் பாருங்கள். கூம்பு, உருண்டை, தட்டை என்று மூன்று வகை உண்டு. வீலில் உள்ள குழியும் அதே வடிவில் இருக்க வேண்டும். ஸ்டீல் வீலிலிருந்து அலாய்க்கு மாறியவர்கள் பழைய நட்டையே போட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. வடிவம் ஒத்துப்போகாவிட்டால் எந்த டார்க்கும் நிற்காது.

6. முதல் மூன்று சுற்று கையால்தான்

சாக்கெட்டுக்குள் நட்டைப் போட்டு, கன்னோடு சேர்த்து ஸ்டட்டில் வைத்து ஒரே அழுத்து! பார்க்க வேகமாக இருக்கும். மரை கோணலாகப் பிடித்திருந்தால் கன்னுக்குத் தெரியாது. மரையை வெட்டிக்கொண்டே உள்ளே போய்விடும்.

நட்டை விரலால் பிடித்து, முதலில் கழற்றும் பக்கமாகக் கால் சுற்று திருப்புங்கள். மரையும் மரையும் சேரும் இடத்தில் 'டிக்' என்று சின்னதாக விழும். அங்கிருந்து முன்பக்கம் திருப்பினால் நேராகப் பிடிக்கும். மூன்று சுற்று விரலாலேயே போக வேண்டும். இரண்டாவது சுற்றிலேயே இறுகினால் கழற்றிப் பாருங்கள். எல்லா நட்டையும் இப்படி ஏற்றிய பிறகுதான் கன்னைத் தொட வேண்டும்.

7. கன்னால் உட்காரவைத்தல்

சக்கரம் தரைக்கு மேல் இருக்கும்போதே இதைச் செய்யுங்கள். எடை மேலே இல்லாததால் வீல் தானாக மையத்துக்கு வரும்.

மிகக் குறைந்த வேகம். டிரிகரை மெல்ல அழுத்துங்கள். நட்டு 'விர்ர்' என்று ஓடி உட்காரும். முதல் 'டக்' கேட்ட கணமே விரலை எடுத்துவிடுங்கள். காது கேட்டு விரல் விடுவதற்குள் இரண்டு மூன்று அடி விழுந்துவிடும், அதுவே போதும். சில புதிய கன்களில் நட்டு உட்கார்ந்ததும் தானாக நிற்கும் வசதி இருக்கிறது. அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

நாலு நட்டு என்றால் எதிரெதிராக. ஐந்து என்றால் ஒன்று விட்டு ஒன்று, நட்சத்திரம் வரைவதுபோல. வட்டமாக அடுத்தடுத்து இறுக்கினால் வீல் ஒரு பக்கம் சாய்ந்து உட்காரும். கடைசி நட்டு இறுகும்போது முதல் நட்டு தளர்ந்திருக்கும்.

டார்க் ஸ்டிக் பற்றி எல்லோரும் கேட்பார்கள். அது குறிப்பிட்ட அளவுக்கு மேல் போனால் தானே முறுகி விட்டுக்கொடுக்கும் எஃகுத் தண்டு. கன்னுக்கும் சாக்கெட்டுக்கும் நடுவே மாட்டினால் அளவு மீறுவதைப் பெருமளவு தடுக்கும். ஆனால் கன்னின் பலத்தைப் பொறுத்து அதன் அளவு மாறும். தேவையானதைவிடக் குறைந்த அளவு ஸ்டிக்கை மாட்டி, மீதியை டார்க் ரெஞ்சில் முடியுங்கள்.

8. டார்க் ரெஞ்சில் முடித்தல்

சக்கரம் சுழலாத அளவுக்கு மட்டும் வண்டியை இறக்குங்கள். முதல் சுற்று 60-இல், அதே நட்சத்திர வரிசையில். இரண்டாவது சுற்று முழு அளவில். பிறகு இன்னொரு முறை அதே வரிசையில் சரிபாருங்கள். மற்ற நட்டுகள் இறுகும்போது முதலில் இறுகியது கொஞ்சம் விட்டுக்கொடுத்திருக்கும்.

பிடியின் நடுவில் கை வைத்து, வெட்டி இழுக்காமல் சீராக இழுங்கள். க்ளிக் வந்ததும் நிறுத்துங்கள். "எதுக்கும் இருக்கட்டும்" என்று மூன்று தடவை க்ளிக் செய்தால் ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் இறுகும். பிடியில் பைப் மாட்டாதீர்கள், அளவு தவறும். டார்க் ரெஞ்சால் நட்டைக் கழற்றவும் கூடாது.

வேலை முடிந்ததும் அளவை மிகக் குறைந்த எண்ணுக்கு இறக்கிப் பெட்டியில் வையுங்கள். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் அழுந்தியபடியே கிடந்தால் காலப்போக்கில் அளவு மாறும். தினமும் பயன்படுத்தும் கடைகள் 12 மாதம் அல்லது 5,000 இழுப்பு, எது முந்துகிறதோ அப்போது சரிபார்க்கக் கொடுப்பது முறை.

9. கன் அளவு மீறி அடித்துவிட்டால்

கொஞ்சம் தளர்த்தி, "இப்ப சரியா இருக்கும்" என்று விடாதீர்கள். முழுதாகக் கழற்றிப் பாருங்கள்.

ஸ்டட் ஒரு கடினமான ஸ்பிரிங் மாதிரி. அளவோடு இழுத்தால் பழைய நீளத்துக்குத் திரும்பும். அளவு மீறினால் நிரந்தரமாக நீண்டுவிடும். அப்புறம் அதற்குப் பிடிப்பு இருக்காது. கண்டுபிடிக்க எளிய வழி: புது நட்டு ஒன்றை விரலால் ஸ்டட்டின் அடிவரை ஓட்டுங்கள். மேலே லேசாகப் போய், நடுவில் ஓரிடத்தில் இறுகி நின்றால் அங்கே மரையின் இடைவெளி விரிந்திருக்கிறது. மரை மேல் நகம் வைத்து இழுத்தால் அந்த இடத்தில் மெலிந்திருப்பதும் சில சமயம் தெரியும். ஸ்டட்டை மாற்றியே ஆக வேண்டும். அலாய் வீலின் குழி நசுங்கியிருக்கிறதா, விரிசல் இருக்கிறதா என்றும் பாருங்கள். பிரேக் போடும்போது பெடல் துடித்தால், சீரற்ற இறுக்கத்தில் டிஸ்க் கோணியிருக்கவும் வாய்ப்புண்டு.

அளவு மீறிய இறுக்கத்தின் இன்னொரு விலை, பஞ்சர் ஆகும் நாளில்தான் தெரியும். சில வருடங்களுக்கு முன் திண்டிவனம் தாண்டி, இரவு பதினொரு மணிக்கு எனக்கு டயர் போனது. அதற்கு முந்தின வாரம் ஒரு கடையில் கன்னால் இறுக்கிய நட்டு. வண்டியோடு வந்த எல் ஸ்பானரில் ஏறி நின்றேன், ஸ்பானர்தான் வளைந்தது. பின்சீட்டில் வயதான அம்மா. லாரிகள் ஒரு கை தூரத்தில் போய்க்கொண்டிருந்தன. ஒரு லாரி டிரைவர் நிறுத்தி, தன் நீளமான பாரைக் கொடுத்து உதவினார். அதிலிருந்து நட்டை முடிக்கும் ஒவ்வொரு தடவையும், வண்டியில் இருக்கும் சிறிய ஸ்பானரால் இதைக் கழற்ற முடியுமா என்று நினைத்துப் பார்க்கிறேன்.

கன்னையே கொண்டுபோகக் கூடாத இடங்களும் உண்டு: ஸ்பார்க் பிளக், ஆயில் சம்ப் போல்ட், சிலிண்டர் ஹெட் போல்ட், அலுமினியத்தில் மரை வெட்டிய எந்த இடமும். அங்கே ஒரு விநாடியில் மரை உருண்டுவிடும், சரிசெய்ய ஒரு நாள் ஆகும்.

10. ஐம்பது முதல் நூறு கிலோமீட்டரில் மறுபடியும்

புதிதாக மாட்டிய சக்கரம் ஓடும்போது பெயிண்ட், தூசு, மேற்பரப்பின் மேடு பள்ளம் எல்லாம் அழுந்தி நட்டு சற்றுத் தளரும். 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் ஒருமுறை டார்க் ரெஞ்சை வைத்துப் பாருங்கள். சக்கரம் ஆறியிருக்க வேண்டும். வாடிக்கையாளர் வண்டி என்றால் தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு ஸ்டிக்கரில் எழுதி ஸ்டீயரிங் பக்கத்தில் ஒட்டி அனுப்புங்கள்.

க்ளிக் வருவதற்குள் நட்டு இம்மியளவு திரும்பினால் அது இயல்பு. ஏதாவது ஒரு நட்டு கால் சுற்றுக்கு மேல் திரும்பினால், அதை இறுக்கிவிட்டு அனுப்பாதீர்கள். சக்கரத்தைக் கழற்றி ஐந்தாவது படியிலிருந்து மறுபடி பாருங்கள். துருச் செதிலோ, பொருந்தாத நட்டோ, நீண்டுபோன ஸ்டட்டோ அங்கே இருக்கும்.